வாடகை வீடும் வராத செலவும்



அரசாங்க உத்தியோகத்தர் பலர், ஓய்வு பெறுங்காலத்தில் கைக்கு வரும் பணத்தோடு சேமிப்பையும் திரட்டி, வாடகைக்கு விடுவதற்கென வீடொன்றை வாங்க விழைகின்றனர். விருப்பம் நன்றே. ஆயின், வாங்குமுன் அவர்கள் போடும் கணக்கு பெரும்பாலும் வரவுக் கணக்காகவே நின்றுவிடுகின்றது.

யாழ்ப்பாண நகரில், ஒரு கோடி ரூபா பெறுமதியான ஓட்டு வீடொன்றை உதாரணமாகக் கொள்வோம். மாத வாடகை 50,000 ரூபா எனின், ஆண்டு வரவு 6 இலட்சம். அதாவது முதலுக்கு நூற்றுக்கு 6 வீதம்.

இனிச் செலவைப் பார்ப்போம். ஆண்டில் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடக்குமென எண்ணுவது விவேகம். அதனால் இழப்பு 50,000. தரகு 25,000, சோலைவரி 20,000, குழாய், பூட்டு, மின்விளக்கு முதலிய சில்லறைத் திருத்தங்கள் 24,000 எனக் கொள்வோம். இவை யாவர் கண்ணுக்கும் புலப்படுவன.

புலப்படாதவை வேறு. ஐந்தாண்டுக்கொருமுறை வர்ணம் பூச 2 இலட்சம் வேண்டுமாயின், ஆண்டுக்கு 40,000. பத்தாண்டில் தேயும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு 60,000 எனின், ஆண்டுக்கு 6,000. இருபத்தைந்தாண்டில் கூரைமரம் மாற்ற ஏழரை இலட்சம் எனின், ஆண்டுக்கு 30,000. இவ்வாண்டு வராத செலவு, இல்லாத செலவன்று, அது வந்துகொண்டேயிருக்கின்றது.

எல்லாவற்றையும் கூட்டினால் 1,95,000 ரூபா. எஞ்சுவது 4,05,000, நூற்றுக்கு 4 வீதத்தைச் சற்றே தாண்டும். வருமான வரி செலுத்தவேண்டியவராயின் இன்னுங் குறையும். இத்தொகையையே வங்கி வட்டியுடன் ஒப்பிடல் வேண்டும், ஆறு வீதத்தையன்று.

இக்கணக்கை ஒருமுறை போட்டு மறந்துவிடுதலும் ஆகாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சீமெந்தின் விலை, முன்னைய ஆண்டினதைப்போல் இருமடங்கைத் தாண்டியதை நாம் கண்டோம். ஆகவே செலவுத் தொகைகளை ஆண்டுதோறும் திருத்தி எழுதுதல் அவசியம்.

ஆறு இலட்சத்தையும் வருமானமென நம்பி உண்டவர், கூரை ஒழுகும் நாளிற் கடனாளியாவார்; அன்றேல் திருத்தாது விடுவார். அப்பொழுது நனைவது வாடகை தவறாது கொடுத்த குடும்பத்தின் பாயும், பிள்ளைகளின் பாடப்புத்தகமுமே. ஆதலின் வாடகை வந்த அன்றே, கூரைக்கும் சுவருக்கும் உரிய பங்கை வேறொரு வங்கிக் கணக்கில் இடுக. அப்பணம் நம்முடையதன்று, வீட்டினுடையது.