முகத்தை ஒப்படைக்குமுன்



பிளாஸ்டிக் சர்ஜரி என்ற பேச்சை எடுத்தவுடனே சினிமா நட்சத்திரங்களின் மூக்கும் உதடுமே பலருக்கு ஞாபகம் வருகின்றன. ஆனால் சேலையில் தீப்பிடித்து, ஆறிய தழும்பு இறுகி, மோவாய் மார்போடு ஒட்டிப்போன பெண்ணுக்கும், இயந்திரத்தில் விரல்களைப் பறிகொடுத்த தொழிலாளிக்கும், பிளவுபட்ட உதட்டோடு பிறந்து பால் குடிக்கத் திணறும் சிசுவுக்கும் மறுவாழ்வு அளிப்பதே இத்துறையின் பெரும்பணி என்பதைச் சென்னையின் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை வார்டுகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள். அவசியத்துக்காகவோ அழகுக்காகவோ இச்சிகிச்சையை நாடுகிறவர், தம் உடம்பை ஒப்படைப்பதற்குத் தக்க நிபுணரை எவ்வாறு அறிந்துகொள்வது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தக்க நிபுணருக்கு அடையாளம் எது என்பதைப் பழைய நிகழ்ச்சி ஒன்று காட்டும். 1794-ஆம் ஆண்டு லண்டனில் வெளியான ‘ஜென்டில்மன்ஸ் மாகஸின்’ என்ற சஞ்சிகையில், திப்பு சுல்தானின் படையினரிடம் அகப்பட்டு மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்ற வண்டிக்காரருக்குப் புனாவில் நாட்டு வைத்தியர் ஒருவர் புது மூக்கு அமைத்த விருத்தாந்தம் பிரசுரமாயிற்று. மெழுகை மெல்லிய தகடாக்கி, அறுபட்ட இடத்தில் மூக்கின் வடிவாகப் பொருத்திப் பார்த்து, பிறகு அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடிட்டு, அந்த அளவுக்குத் தோலைப் பெயர்த்து, இரத்த ஓட்டம் அறுந்துவிடாதபடி இரு கண்களுக்கும் நடுவே சிறு பகுதியை மட்டும் ஒட்டியபடியே விட்டு, அப்படியே திருப்பி இறக்கி மூக்காக்கிய அந்த முறையைப் படித்தறிந்த ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கில சர்ஜன், உடனே ஒரு நோயாளியைத் தேடிப் புறப்பட்டுவிடவில்லை. பிரேதங்களின்மேல் பன்முறை பழகிக் கைதேர்ந்த பின்னரே, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, 1814-ல் உயிருள்ள மனிதரின் முகத்தில் கத்தியை வைத்தார். அத்தகைய பொறுமைக்குப் பிறந்த ஒரு வித்தையில், யூடியூப் காணொளிகளைப் பார்ப்பது முடி நடும் சிகிச்சைக்குப் போதிய பயிற்சி ஆகாது என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமே எடுத்துச் சொல்ல நேர்ந்தது என்பதை நினைக்கையில் மனம் வருந்துகிறது.

ஆகவே முதலில் விசாரிக்க வேண்டியது பயிற்சியை. நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். படிப்புக்குப் பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டு, பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். பட்டத்துக்கு மூன்று ஆண்டு, அதற்கும் மேலே பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது தேசியத் தேர்வு வாரியத்தின் அதற்கீடான பட்டத்துக்கு இன்னும் மூன்று ஆண்டு என்று நீண்ட காலம் பயின்று தேறியவரே பொதுவாக இத்துறையின் சர்ஜன் ஆகிறார். சரும வைத்திய நிபுணர்கள் தம் எல்லைக்குட்பட்ட சில சிகிச்சைகளை முறையாகக் கற்றுச் செய்வது நியாயமே. ஆனால், பெயர்ப்பலகையில் வரிசையாக நிற்கும் எழுத்துக்களில் எது பல்கலைக்கழகப் பட்டம், எது சில நாள் வகுப்புக்குக் கிடைத்த சான்றிதழ் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூசவேண்டியதில்லை. மருத்துவர் தம் பதிவு எண்ணைச் சிகிச்சைக் கூடத்திலும் மருந்துச் சீட்டிலும் பண ரசீதிலும் குறிப்பிட வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறி விதி. அந்த எண்ணைக் கொண்டு மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் அவரது பெயரையும் பட்டங்களையும் எவரும் சரிபார்க்கலாம்.

அடுத்து, சிகிச்சைக்கு முன்னும் பின்னுமாகக் காட்டப்படும் புகைப்படங்கள். முதற்படத்தில் தலைக்கு மேலே எரியும் விளக்கின் நிழல் கன்னத்திலும் கண்ணடியிலும் விழுந்திருக்க, இரண்டாவதில் முன்புறமிருந்து மெல்லிய வெளிச்சம் பரவி, மோவாய் சற்றே உயர்ந்து, இதழோரம் புன்னகையும் அரும்பியிருக்குமானால், அங்கே மாறியது முகமா, வெளிச்சமா என்று நிதானித்துப் பார்க்கவேண்டும். ஒரே தூரம், ஒரே ஒளி, ஒரே கோணம் என்று எடுத்த படங்களையும், நன்கு அமைந்தவற்றோடு தழும்பு தடித்துப்போனவற்றையும் மறையாது காட்டுகிறவரிடம் எனக்கு மதிப்பு அதிகம்.

எல்லாவற்றிலும் முக்கியமாக நான் கருதுவது, மருத்துவர் எதை மறுக்கிறார் என்பதே. கலியாணத் தேதி நெருங்குகிறது, அடுத்த வாரமே மூக்கைத் திருத்த வேண்டும் என்று வந்து நிற்கும் இளம்பெண்ணிடம், வீக்கம் முற்றிலும் வடிந்து உருவம் நிலைபெற ஓராண்டு கூட ஆகலாம், இப்போது வேண்டாம், அம்மா என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவர் தம் வருமானத்தை இழக்கிறார். அப்பெண்ணோ ஒரு நல்ல வைத்தியரைக் கண்டுகொள்கிறாள். புகைபிடிக்கும் பழக்கம் உண்டா, பெயர்த்து ஒட்டும் தோலுக்கு இரத்த ஓட்டம் குறைந்துவிடுமே என்று கேட்பவரையும், சர்க்கரை எவ்வளவு, பழைய காயங்கள் தடித்து வளர்ந்தனவா என்று துருவி விசாரிப்பவரையும் நம்பலாம். இன்றே முன்பணம் கட்டினால் சலுகை என்று அவசரப்படுத்தும் இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுவதே நலம்.

மயக்கமருந்து கொடுப்பவர் அதற்கென்று தனியே படித்த மருத்துவரா, ஆபத்து நேர்ந்தால் தீவிர சிகிச்சைக்கு எங்கே கொண்டுபோவார்கள், மூன்றாம் நாள் இரவில் காயம் கசிந்தால் அழைப்பை எடுப்பவர் யார் என்பவற்றையும் முன்கூட்டியே கேட்டு வைக்கவேண்டும். சம்மதப் பத்திரத்தை அறுவை மேஜைக்கு அழைத்துச் செல்லும் கடைசி நிமிஷத்தில் நீட்டினால் கையொப்பமிடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய், செய்யப்போகும் சிகிச்சையின் பெயர் அதில் தெளிவாக இருக்கிறதா என்று வாசியுங்கள். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் மேற்கொண்டு செய்யும் அறுவைக்குக் கொடுத்ததாகாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது.

இவ்வளவுக்குப் பின்னும் ஐயம் நீங்காவிட்டால், பிளாஸ்டிக் சர்ஜரி துறையுள்ள அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் இன்னொரு நிபுணருடைய அபிப்பிராயத்தைக் கேட்கலாம். போகும்போது முதலில் பார்த்த மருத்துவரிடமிருந்து உங்கள் சிகிச்சைக் குறிப்புகளை வாங்கிச் செல்லுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் அவற்றைக் கொடுக்கவேண்டும் என்பதும் முன்னே சொன்ன அந்த 2002-ஆம் ஆண்டு விதிகளில் உள்ளதுதான்.