அந்த ஸ்டிக்கரை நானும் ஃபார்வர்டு பண்ணேன்

இந்த எபிசோடுக்கு கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். ஒரு சின்ன எச்சரிக்கை: இதில் மன அழுத்தம், தற்கொலை எண்ணம் பற்றியெல்லாம் வரும். இன்னைக்கு கேட்கிற மனநிலை இல்லைன்னா, அப்புறமா கேளுங்க.

பத்தாவது படிக்கும்போது எங்க கிளாஸுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. டீச்சர்கள் இல்லாத குரூப். ஆண்டு விழாவில் ஒரு பொண்ணு கொட்டாவி விடும்போது யாரோ போட்டோ எடுத்து, அதை ஸ்டிக்கராக்கிட்டாங்க. குட் மார்னிங்குக்கு அந்த ஸ்டிக்கர், யாராவது மார்க் சொன்னா அந்த ஸ்டிக்கர். நான் அதைச் செய்யலை. ஆனா நானும் போட்டேன், வேற ரெண்டு குரூப்புக்கு அனுப்பவும் செஞ்சேன். அவ என் பெஞ்சில் உட்கார்ந்தவள். அவகிட்ட கேட்டுட்டுத்தான் இதைப் பேசுறேன், பேர் மட்டும் வேண்டாம்னு சொன்னா.

"சும்மா ஓட்டுறதுதானே"ன்னு நமக்கு ஒரு வசனம் இருக்கு இல்லையா? 1970களிலேயே இதை ஆராய்ச்சி பண்ண டான் ஓல்வியஸ் என்ற உளவியலாளர் மூணு விஷயத்தைப் பார்க்கச் சொல்கிறார். காயப்படுத்தணும்னு செய்றாங்களா, திரும்பத் திரும்ப நடக்குதா, எதிர்த்து நிற்க முடியாத அளவுக்கு பலம் ஒரு பக்கமா இருக்கா. நாற்பது பேர் குரூப்பில் ஒருத்தி. இதில் பலம் எந்தப் பக்கம்னு நான் சொல்லணுமா?

என்னை ரொம்ப உறுத்தினது இன்னொரு ஆராய்ச்சி. ஃபின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லியும் கூட இருந்தவங்களும் 1996இல் வெளியிட்டது. கொடுமை பண்றவன், அனுபவிக்கிறவன்னு ரெண்டு பேர் மட்டும் அதில் இல்லை. கூட்டு சேர்றவங்க, சிரிச்சு உற்சாகப்படுத்துறவங்க, ஒதுங்கி நிற்கிறவங்க, காப்பாத்த வர்றவங்கன்னு மொத்த கிளாஸும் அதில் இருக்கு. அங்கே பல பள்ளிகளுக்குப் போன 'கிவா' திட்டமே வேடிக்கை பார்க்கிறவங்களை மாத்துறதில்தான் ஆரம்பிக்குது. சிரிக்க ஆள் இல்லைன்னா ஓட்டுறதில் என்ன சுவாரஸ்யம்?

அவளுக்கு என்ன ஆச்சுன்னா, முதல்ல வயிற்று வலி. திங்கட்கிழமை ஆனா வலி. ஸ்கேன் எடுத்தாங்க, எல்லாம் நார்மல். "பப்ளிக் எக்ஸாம் பயம்"னு முடிச்சுட்டாங்க. அப்புறம் வீட்டில் எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தா. டீன் ஏஜில் மனச்சோர்வு எப்பவும் அழுகையா வராது, கோபமாகவும் வரும். தூக்கம் கெடும், பிடிச்சது பிடிக்காமப் போகும், காரணம் தெரியாத உடம்பு வலி வரும். இது ரெண்டு வாரத்துக்கு மேல நீடிச்சா, "திமிரு"ன்னு சொல்றதை நிறுத்திட்டு டாக்டரைப் பார்க்கணும்.

அவ ஏன் வீட்டில் சொல்லலை? கேட்டேன். "சொன்னா அம்மா போனைப் பிடுங்கிடுவாங்க, என்னோட ஒரே ஃபிரெண்ட் வேற ஸ்கூல், அவகிட்ட பேசுறதும் போயிடும்." அவ்வளவுதான் காரணம். கேட்டுட்டு இருக்கிற அம்மா, அப்பா யாராவது இருந்தா, தயவுசெஞ்சு போனில் கை வைக்காதீங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்க. பள்ளிக்குப் போறதுக்கு முன்னாடி, "என்ன பண்ணா உனக்கு நல்லா இருக்கும்?"னு பிள்ளையைக் கேளுங்க. நேரா போய் சத்தம் போட்டா, மறுநாள் கிளாஸில் உட்காரப் போறது நீங்க இல்லை.

ஃபிரெண்டா இருக்கிறவங்களுக்கு: வீரமா குரூப்பில் சண்டை போடணும்னு இல்லை. தனியா ஒரு மெசேஜ், சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் ஒரு இடம், அதுவே பெருசு. "செத்துடலாம் போல இருக்கா?"ன்னு நேரடியா கேட்கலாம். கேட்டா அந்த எண்ணம் வந்துடும்னு நினைக்கிறது தப்பு. ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க, ரகசியமா வைக்கச் சொல்லி சத்தியம் வாங்கினாலும் ஒரு பெரியவங்ககிட்ட சொல்லுங்க. டெலி மானஸ் 14416, 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பிச்சது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். பதினெட்டு வயசுக்கு உட்பட்டவங்க 1098க்கும் கூப்பிடலாம்.

போன பொங்கலுக்கு அவளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். ஸ்டிக்கருக்கு ஸாரி, இத்தனை வருஷம் கழிச்சுன்னு. மூணு நாள் பதில் இல்லை. நாலாவது நாள் வாய்ஸ் நோட் வந்தது. "ஸ்டிக்கரை யார் யார் போட்டாங்கன்னு எனக்கு ஞாபகமே இல்லைடி. அந்த வாரம் நீ உன் டிபன் பாக்ஸை எடுத்துட்டு பின் பெஞ்சுக்குப் போன பாரு, அது மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

நான் பின் பெஞ்சுக்குப் போனதே எனக்கு ஞாபகம் இல்லை.