பாய்லர் சர்ட்டிபிகேட் யாருக்கு?

(ஒரகடம் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



நெல் அவிக்கும் அரிசி ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். பாய்லரின் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெரியாமல் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே தகடு காய்ந்து சிவந்து கிடக்கும். பதறிப்போய் அந்த நேரத்தில் பச்சைத் தண்ணீரை ஏற்றினால் தொலைந்தது! முதலில் தீயை அணைக்க வேண்டும். இந்த ஒரு பாடம் தெரியாதவன் கையில் பாய்லரை விட்டால் சுற்றி நிற்பவன் உயிருக்கு யார் ஜவாப்?

1863இல் கல்கத்தாவில் பாய்லர் வெடித்து உயிர்கள் போன பிறகுதான், 1864இல் வெள்ளைக்காரன் சர்க்கார் வங்காளத்துக்கு ஒரு சட்டம் போட்டது. நாடு முழுமைக்கும் 1923இல் சட்டம் வந்தது. அதை நீக்கிவிட்டு 2025இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. தகுதிச் சான்று பெற்றவர் பொறுப்பில்தான் பாய்லர் ஓட வேண்டும் என்பது அதிலும் உண்டு, இதிலும் உண்டு. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பரீட்சையும் உண்டு.

நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் பரீட்சைக்குப் போக, பாய்லரில் வேலை செய்ததற்கு எழுத்து மூலம் அத்தாட்சி வேண்டும். இங்கேதான் இருக்கிறது சங்கதி! பர்னரைத் துடைப்பவன், இரவு ஷிப்டில் கண்ணாடிக் குழாயையே பார்த்துக்கொண்டு நிற்பவன் காண்டிராக்ட் ஆள். ஏட்டில் அவன் வெறும் 'ஹெல்ப்பர்'. ஐந்து வருஷம் அனலில் வெந்த பிறகும் அத்தாட்சி கேட்டால், "உன்னை நான் பாய்லருக்கா எடுத்தேன்?" என்கிறார் காண்டிராக்டர். வேலை வாங்கும்போது பாய்லர். காகிதம் கேட்டால் ஹெல்ப்பர்!

எண்ணெயைச் சுடவைத்துக் குழாயில் ஓடவிடும் தெர்மிக் ஹீட்டர் இருக்கிறதே, அதன் கதை வேறு. அந்த எண்ணெய் 300 டிகிரி வரை கூடச் சூடேறும். நீராவி உண்டாவதில்லை என்பதால் பாய்லர் பரீட்சை அதற்குச் செல்லாது. குழாய் கசிந்து தீப்பிடித்தால், "இது பாய்லர் அல்ல" என்று தீ ஒதுங்கிப் போகுமா? அதற்கும் பயிற்சி வேண்டும், சான்று வேண்டும் என்கிறோம்.

நெய்வேலியை மறக்க முடியுமா? 2020 ஜூலை 1 அன்று இரண்டாவது அனல் மின் நிலையத்தில் பாய்லர் வெடித்து, அன்றே 6 தொழிலாளர்கள் மாண்டார்கள். பிறகு ஆஸ்பத்திரியிலும் சாவு தொடர்ந்தது. அங்கேயும் அனலில் வெந்தது காண்டிராக்ட் தொழிலாளியின் உடல்தான்.

ஆகவே பாய்லர் வீட்டில் நிற்கும் ஒவ்வொருவரும் சம்பளச் சீட்டு, ஷிப்டு அட்டை, கேட் பாஸ் எதையும் கிழித்துப் போடாமல் எடுத்து வாருங்கள். தேதிவாரியாக எழுதி, அத்தாட்சி கேட்டு மனுப் போடுவோம். எழுதத் தெரிந்த தோழர்கள் கூட்டம் முடிந்ததும் இங்கேயே இருங்கள்.