சாணமும் ஆலைச் சேறும்



தறிச் சத்தம் ஓயாத எங்கள் சோமனூரில், விடியற்காலையில் தொழுவத்துச் சாணம் அள்ளும் வீடுகள் சில இன்னும் உண்டு. அச்சாணம் வறட்டியானால் ஒரு வேளை அடுப்பெரித்துச் சாம்பலாகிவிடும். நிலத்திற்கு உரிய தழைச்சத்து புகையோடு போய்விடும். எருக்குழியில் இட்டாலோ நிலம் பிழைக்கும். அடுப்புக்கு ஒன்றும் இல்லை. இரண்டையும் ஒருங்கே பெறுவது எப்படி?

சாணத்தோடு அதே அளவு நீர் கலந்து, காற்றுப் புகாத தொட்டியில் விட வேண்டும். காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து மீத்தேன் கலந்த எரிவாயுவை வெளிவிடும். 1950களில் ஜஷ்பாய் படேல் என்பார், இரும்பு மூடி மிதக்கும் தொட்டி ஒன்றை வகுத்து, 'கிராமலட்சுமி' எனப் பெயரிட்டார். கதர் கிராமத் தொழில் ஆணையம் அம்முறையை 1960களில் நாடெங்கும் பரப்பியது.

ஒரு கிலோ சாணம் ஏறக்குறைய 40 லிட்டர் வாயு தரும். பசுவொன்று நாளொன்றுக்குப் 10 கிலோ இடுமாயின், இரண்டு பசுக்களுக்கு 800 லிட்டர். மூவருக்குச் சமைக்க அது போதும். வாத்தியார் ஓய்வு பெற்றாலும் கணக்கு அவரை விடுவதில்லை, பாருங்கள்!

மாட்டை விற்றுவிட்ட வீட்டில் தொட்டி வறண்டு கிடக்கும். இன்று கொங்கு நாட்டில் கழிவு மலைபோல் குவிவது நாமக்கல் கோழிப் பண்ணைகளில். கோழி எச்சத்தில் தழைச்சத்து மிகுதி. அதைத் தனியே தொட்டியில் இட்டால் அம்மோனியா பெருகி நுண்ணுயிர்களையே நலியச் செய்யும். கரிமம் மிகுந்த பொருளொன்று அதற்குத் துணை வேண்டும். கரும்பாலை அதற்குக் கை கொடுக்கிறது. சாற்றைத் தெளிவிக்கையில் 'பிரஸ்மட்' என்னும் சேறு எஞ்சுகிறது. கழிவுப்பாகிலிருந்து பெட்ரோலில் கலக்கும் எத்தனால் எடுக்கிறார்களே, அதே ஆலையின் மிச்சந்தான் இது. கோழி எச்சமும் இச்சேறும் அளவறிந்து கலந்தால் நுண்ணுயிர்களுக்குச் சமன்பட்ட உணவாகும்.

நாமக்கல் மாவட்டத்துப் புதுச்சத்திரத்தில் கோழி எச்சத்திலிருந்து வாயு எடுக்கும் ஆலை உள்ளது. இத்தகைய ஆலைகளில் வாயுவிலுள்ள கரியமில வாயுவையும் கந்தக நாற்றத்தையும் நீக்கி, அழுத்தி அடைத்து, வண்டிகளை ஓட்டும் எரிபொருளாக்குகின்றனர். இதனை ஊக்குவிக்க 2018இல் மத்திய அரசு திட்டமொன்றையும் தொடங்கியது.

எனினும், வாயுவை மட்டும் எண்ணி மகிழ்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. எஞ்சும் கரைசலில் தழைச்சத்து பெரும்பாலும் அப்படியே தங்குகிறது. ஓடையில் விட்டால் அது நொய்யல் போன்ற ஆறுகளின் நீரைக் கெடுக்கும். சோளக்காட்டில் இட்டால் அடுத்த போகத்தின் கதிரில் ஏறும்.