பழைய கவச வண்டிகளின் பூர்வோத்தரம்

தமிழகத்திற்கு வெளியே, செகந்திராபாத், புனே, அம்பாலா, மீரட் போன்ற தண்டு நகரங்களில் குடியேறி வாழும் நம்மவருக்குப் பழைய டாங்கி புதுமைப் பொருளன்று. நாற்சந்தியிலோ படைமுகாமின் வாயிலிலோ செங்கல் மேடை ஒன்றின்மீது அது நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை அதற்குப் பச்சை வர்ணம் பூசுவர். குழந்தைகள் ஏறி விளையாடுவர். அது எந்த வண்டி என்று கேட்டால், "பாட்டன் டாங்கி" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். தமிழ்க் காதுக்கு அப்பெயர் உறவுமுறைபோல ஒலிப்பதும் ஒரு காரணமோ, என்னவோ! ஆனால் மேடைமீது நிற்பவை எல்லாம் பாட்டன்கள் அல்ல. அமெரிக்கப் பாட்டனின் உடல் வார்ப்பு உருக்கால் ஆனது. மூலைகள் மழுங்கி, கவிழ்த்த தோணிபோல உருண்டிருக்கும். தகடுகளைப் பற்றவைத்துச் செய்த உடலும், சங்கிலிப் பட்டையின் மேற்பாதியை மறைத்துத் தொங்கும் பக்கத் தகடுகளும் காணப்பட்டால் அது பிரிட்டிஷ் செஞ்சூரியனாக இருக்கக்கூடும். 1965-இல் பில்லோராவில் பூனா ஹார்ஸ் படைப்பிரிவினர் ஏறிப் போரிட்டது இச்செஞ்சூரியன் மீதுதான்.

இவ்வாறு இனம் காண்பதால் ஆகப்போவது யாது என்று சிலர் வினவலாம். ஒரு வண்டியின் பெயரை அறிந்தால் அதன் வயதை அறிகிறோம். எண்ணை அறிந்தால் அது நின்ற களத்தை அறிகிறோம். களத்தை அறிந்தால் அதற்குள் இருந்த மனிதர்களை அறிகிறோம். 1971 டிசம்பர் 16-ஆம் நாள் பசந்தர் போரில் இளம் அதிகாரி அருண் கேத்தர்பால் எரியும் டாங்கியை விட்டு இறங்க மறுத்து உயிர் துறந்தார். அவருடைய செஞ்சூரியனுக்கு 'ஃபாமகுஸ்டா' என்று பெயர். அப்பெயரும் அதன் எண்ணும் அழியாமல் நின்றதனால்தான், நூற்றுக்கணக்கான செஞ்சூரியன்களுள் இதுவே அது என்று பிரித்தறிந்து அகமதுநகரில் பாதுகாத்து வைக்க முடிந்தது. பெயர் அழிந்திருந்தால் அதுவும் எடைக்குப் போகும் இரும்பாகவே முடிந்திருக்கும்.

டாங்கியின் பிறப்பிடம் இங்கிலாந்து. 1915-இல் லிங்கன் நகரத்து ஃபாஸ்டர் கம்பெனியார் முதல் மாதிரியைச் செய்தனர். இரகசியம் வெளியாகாதிருக்கும் பொருட்டு, இது தண்ணீர்த் தொட்டி என்று தொழிலாளரிடம் சொல்லி வைத்தார்கள். 'டாங்கி' என்னும் பெயரே அந்தப் பொய்யிலிருந்து பிறந்தது! 1916 செப்டம்பர் 15-ஆம் நாள் பிரான்சின் சோம் களத்தில் அது முதன்முதலாகப் போருக்கு வந்தது. பீரங்கி தாங்கியவற்றை ஆண் என்றும், யந்திரத் துப்பாக்கி மட்டும் தாங்கியவற்றைப் பெண் என்றும் வழங்கினர். முதல் மாதிரி இன்றும் டார்செட் மாநிலத்துப் போவிங்டனில் உள்ள டாங்கிப் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது. 1923-இல் அவ்விடத்திற்கு வந்த எழுத்தாளர் கிப்ளிங், இங்கு ஒரு காட்சிசாலை அமைக்கலாமே என்று சொன்னதாகக் கூறுவர்.

கவச வண்டி ஒன்றை இனம் காண்பதற்குரிய முறைகளை இனிச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் உடலமைப்பு. தகடுகள் தறையாணியால் இணைக்கப்பட்டனவா, பற்றவைக்கப்பட்டனவா என்பதைப் பார்க்க வேண்டும். வாலண்டைன் என்னும் டாங்கியின் முற்பட்ட வகைகள் தறையாணி வேலை. பின் வந்தவற்றுள் சில பற்றவைப்பு வேலை. அடுத்துச் சக்கரங்களின் எண்ணிக்கை, அவற்றைத் தாங்கும் வில்லமைப்பு. மூன்றாவது, வார்ப்பு எழுத்துக்கள். சங்கிலிப் பட்டையின் ஒவ்வொரு கண்ணியிலும், பீரங்கிக் கூண்டின் மேற்புறத்திலும் வார்ப்படக்காரரின் குறிகளும் எண்களும் புடைத்து நிற்கும். இவற்றை வர்ணம் மறைக்கலாம், அழிக்க இயலாது. மென்தாளை வைத்துக் கரியால் தேய்த்தால் எழுத்து தானே எழும். கோயிற் கல்வெட்டுக்குப் படி எடுப்பது போன்றதே இது.

நான்காவது, செய்தவர் பித்தளைத் தகடு. இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. முதல் ஆண்டுகளின் பாலைவனப் போரில் புகழ்பெற்ற மெட்டில்டா டாங்கிகளைச் செய்தவருள் வல்கன் ஃபவுண்டரி என்னும் லங்காஷயர் கம்பெனியாரும் ஒருவர். அவர்கள் அடிப்படையில் இரயில் எஞ்சின் செய்பவர்கள். 1853-இல் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே ஓடிய முதல் வண்டித்தொடருக்கு எஞ்சின் அனுப்பியவர்களும் அவர்களே. இந்நாட்டில் இரயில் ஓடச் செய்த அதே பட்டறையில் பிறந்த மெட்டில்டாக்கள், 1940 டிசம்பரில் எகிப்தின் சீடி பர்ரானியில் நான்காம் இந்திய டிவிஷனுக்குத் துணையாக முன்சென்றன. அவற்றின் முகப்புக் கவசம் 78 மில்லிமீட்டர் பருமனுடையது. எதிரியான இத்தாலியரின் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிகள் அதனைத் துளைக்க மாட்டாமல் திகைத்தன.

இவையெல்லாம் இனத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லா. தனி வண்டியின் வரலாற்றை அறிய அதன் வர்ணத்தையே நாட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் யுத்த இலாகா ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் எண் கொடுத்தது. சங்கிலிப் பட்டை வண்டிகளுக்கு 'டி' என்ற எழுத்தும், கவச மோட்டார்களுக்கு 'எஃப்' என்ற எழுத்தும் எண்ணின் முன்னே நிற்கும். 1949-க்குப் பிறகு இரண்டு இலக்கம், இரண்டு எழுத்து, மீண்டும் இரண்டு இலக்கம் என்ற புது முறை வந்தது. ஆகவே எண்ணின் அமைப்பே காலத்தைக் காட்டிவிடும். ஏ ஸ்குவாட்ரனுக்கு முக்கோணம், பி-க்குச் சதுரம், சி-க்கு வட்டம், தலைமையகத்திற்குச் சாய்சதுரம் என்ற குறிகளும் உண்டு. மஞ்சள் வட்டத்துள் ஓர் எண் இருந்தால் அது படைக்குறி அன்று. எவ்வளவு பாரம் தாங்கும் பாலத்தில் இவ்வண்டி செல்லலாம் என்பதற்கான அடையாளம்.

இக்குறிகள் இப்போது எங்கே இருக்கும்? மேலே பூசிய இருபது முப்பது பூச்சுகளுக்கு அடியில் இருக்கும். அவசரக்காரர் மணலை வீசியடித்து எல்லாப் பூச்சையும் ஒரே நாளில் உரித்துவிடுவார். வண்டி பளபளக்கும், வரலாறோ குப்பையில் கிடக்கும். பொறுமையுடையவர் நீர் தோய்த்த உப்புத்தாளால், எண் இருக்கக்கூடிய இடத்தில் மட்டும், ஒவ்வொரு பூச்சாகத் தேய்த்து இறங்குவார். பச்சைக்கு அடியில் பழுப்பு, பழுப்புக்கு அடியில் பாலைவன மணல்நிறம் என்று ஒவ்வொன்றாக வெளிவரும். நடுவே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தவுடன் கை நிற்க வேண்டும். புகைப்படம் எடுக்க வேண்டும். அளவு குறிக்க வேண்டும். அதன் பின்னரே அடுத்த பூச்சு. நம் நாற்சந்தி டாங்கிகளுக்கு ஆண்டுதோறும் வர்ணம் பூசுவது தீதன்று. அது துருவைத் தடுக்கிறது. பூசுவதற்குமுன் பழையதைச் சுரண்டி எறிவதுதான் பெருந்தீங்கு.

எண்ணையும் முற்ற நம்பலாகாது. கிராம்வெல், சென்டார் என்னும் இரு டாங்கிகள் புறத்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே கிராம்வெல்லுக்கு மீட்டியார் எஞ்சின், சென்டாருக்கு லிபர்ட்டி எஞ்சின் என்பதே பெரிய வேற்றுமை. ஆனால் சென்டார்கள் சிலவற்றிற்குப் பின்னர் மீட்டியாரைப் பொருத்திக் கிராம்வெல் ஆக்கிவிட்டார்கள். பட்டறைகளில் ஒன்றின் கூண்டை மற்றொன்றின் உடல்மீது ஏற்றுவதும் சாதாரணம். ஆகையால் உடலுக்கு ஒரு ஜாதகம், கூண்டுக்கு ஒரு ஜாதகம், எஞ்சினுக்கு ஒரு ஜாதகம் என்று தனித்தனியே கணிப்பதே முறை.

பொருளும் ஏடும் பேசாதபோது மனிதர் நினைவு பேசியதுண்டு. கனடாவில் 1943-இல் செய்யப்பட்டு ருஷ்யருக்கு அனுப்பப்பட்ட வாலண்டைன் ஒன்று, 1944 ஜனவரியில் உக்ரேனின் தெலெப்பினோ என்ற ஊரருகே உறைந்த ஆற்றைக் கடக்கையில் பனிக்கட்டி உடைந்து மூழ்கிற்று. அதைக் கண்ட உள்ளூர்ப் பெண் ஒருவர், மூதாட்டியான பிறகும் அவ்விடத்தை நினைவில் வைத்திருந்தார். 1990-இல் அதை வெளியே எடுத்தனர்; இன்று அது ஒட்டாவாவில் உள்ள கனடியப் போர்க் காட்சிசாலையில் நிற்கிறது.

பிரான்சிலும் இப்படியே நடந்தது. ஃபிலிப் கோர்சின்ஸ்கி என்ற கம்ப்ரே நகரத்து ஓட்டல்காரர் ஆறாண்டுக் காலம் ஒரு டாங்கியைத் தேடினார். ஃபிளெஸ்கியேர் கிராமத்து முதியவள் ஒருத்தி, தான் சிறுமியாயிருந்தபோது ருஷ்யக் கைதிகள் ஒரு டாங்கியைப் பெருங்குழிக்குள் தள்ளியதைப் பார்த்ததாகச் சொன்னாள். 1998 நவம்பரில் மண்ணைத் தோண்டினால், முதல் உலகப் போர்க்காலத்து நான்காம் மாதிரி டாங்கி ஒன்று முழு உருவத்தோடு கிடைத்தது. பழைய ஏடுகளையும் படங்களையும் அதன் காயங்களோடு ஒப்பிட்டு, அது 1917 நவம்பர் 20-ஆம் நாள் அக்கிராமத்தில் தாக்குண்ட டி-51, 'டெபோரா' என்று அறிந்தனர். அதற்குள் இருந்த ஐவர் அன்று மாண்டார்கள். அவர்கள் கல்லறைகள் அருகிலேயே உள்ளன.

டெபோராவை அவர்கள் மராமத்துச் செய்யவில்லை. கிழிந்த இரும்பு கிழிந்தபடியே, 2017-இல் திறந்த காட்சிசாலையில் இருக்கிறது. இதுபற்றி அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஓடாத யந்திரம் பிணம் என்பது ஒரு கட்சி. ஓட்டினால் தேயும், தேய்ந்ததை மாற்றினால் பழையது போய்விடும் என்பது மறு கட்சி. நம் கருத்து இது: ஒன்றே ஒன்றாய் எஞ்சியதையும், மனிதர் மாண்ட தழும்பு உடையதையும் தொடலாகாது, பலவாய் எஞ்சியவற்றுள் சிலவற்றை ஓட்டிப் பார்ப்பதில் குற்றமில்லை.

ஓட்டுவதற்கு மிக ஏற்றது ஃபெரெட் என்னும் சிறு கவச மோட்டார். கவென்ட்ரி நகரத்து டெய்ம்லர் கம்பெனியார் 1952 முதல் 1971 வரை 4,409 வண்டிகள் செய்தார்கள். அதன் ஆறு சிலிண்டர் ரோல்ஸ்-ராய்ஸ் எஞ்சின் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது. நான்கு சிலிண்டர் தம்பியும் எட்டு சிலிண்டர் அண்ணனும் உண்டு. உறுப்புகள் பல ஒன்றுக்கொன்று பொருந்தும். ஆதலால் உதிரிகள் அகப்படுகின்றன. முன்னோக்கி எத்தனை கியரோ அத்தனையும் பின்னோக்கியும் உண்டு, ஐந்து. ஓட்டுவதில் நுட்பம் ஒன்று உண்டு. இதன் அண்ணன் முறையான ஆறு சக்கரச் சாராசனில் ஒரு பக்கத்துச் சக்கரங்கள் யாவும் பற்சக்கரங்களால் ஒன்றாகப் பிணைக்கப்பட்டவை. மண்ணில் சக்கரம் சிறிது வழுக்கித் தன் முறுக்கைத் தீர்த்துக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க முடியாமல், முறுக்கு ஏறி ஏறி அச்சே ஒடிந்துவிடும். பழைய சாரதிகள் அவ்வப்போது ஒரு சக்கரத்தை நடைபாதை ஓரக்கல்லில் ஏற்றி இறக்குவது விளையாட்டாக அன்று; அம்முறுக்கைத் தளர்த்தவே.

பழைய வண்டியைத் திறப்பவர் மூன்று ஆபத்துகளை அறிந்திருக்க வேண்டும். பிரேக் பட்டையிலும் புகைபோக்கி உறையிலும் கல்நார் இருக்கலாம். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். இருளில் ஒளிரும் பழைய முகப்புக் கருவிகளில் ரேடியம் பூச்சு இருக்கலாம், அவற்றைச் சுரண்டலாகாது. குறிபழகும் வெளியில் கிடந்த வண்டியானால் வெடிக்காத குண்டு இருக்கலாம். அங்கே படைவீரரே முதலில் நுழைய வேண்டும்.

நம் நாட்டில் இவ்வண்டிகளை ஒருங்கே காண விரும்புவோர் மகாராஷ்டிரத்து அகமதுநகருக்குச் செல்லலாம். 2024-இல் அந்நகர் அகில்யாநகர் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1994-இல் அமைந்த குதிரைப்படை டாங்கிக் காட்சிசாலையில் ரோல்ஸ்-ராய்ஸ் கவச மோட்டார், மெட்டில்டா, வாலண்டைன், சர்ச்சில், செஞ்சூரியன் யாவும் உள்ளன. விஜயந்தாவும் அங்கே உண்டு. அது பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனியார் வகுத்த வடிவம். ஆனால் 1965 முதல் நம் ஆவடியில் உருவானது. புனேவிலிருந்து ஒரு பகலில் போய்வரலாம்.

இன்னும் ஒரு வண்டியைப்பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படைக்கென்றே ஒரு கவச வண்டி இங்கே செய்யப்பட்டது. அடிச்சட்டமும் எஞ்சினும் கனடாவின் ஃபோர்டு கம்பெனியிடமிருந்து வந்தன. கவசத் தகடு டாட்டா உருக்கு. உடலைக் கட்டியவை இந்திய இரயில்வேப் பட்டறைகள். 4,600-க்கு மேற்பட்டவை ஆகி, வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பர்மாவிலும் ஓடின. படைவீரர் அதை 'டாட்டாநகர்' என்றே அழைத்தனர். பிரிட்டிஷ் டாங்கிகளைப்பற்றி அலமாரி நிறைய நூல்கள் உண்டு. இதைப்பற்றிய குறிப்போ மிகச் சில. ஜம்ஷெட்பூரிலும் இரயில்வேக் குடியிருப்புகளிலும் மூன்று தலைமுறையாக வாழும் நேயர்கள் இதனைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். உங்கள் வீட்டுப் பெட்டியில் அக்காலத்துப் பட்டறைப் படம் ஏதேனும் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஓர் எண் தெரிகிறதா, தகடுகளில் தறையாணி தெரிகிறதா என்று கவனியுங்கள். உடன் நிற்பவர்களின் பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு, படத்தின் பின்புறம் எழுதி வையுங்கள். மையால் எழுத வேண்டாம்; மறுபுறம் ஊறிவிடும். மெல்லிய பென்சில் போதும்.