மாட்டுக் கொட்டகைக்குக் கூரை போடுமுன்



அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும் மாசி, பங்குனியில்தான் நம்மில் பலர் மாட்டுக் கொட்டகைக்குக் கூரை மாற்றுகிறோம். ஆசாரி மரத்தில் உளி வைக்குமுன் நீங்களும் கணக்குத் தெரிந்து பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஒரு சங்கதி. சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த வட்டாரத்தில் ஒரு விவசாயி, வைக்கோல் அடைய இடம் போதவில்லை என்று ஓட்டுக் கொட்டகையின் குறுக்கு விட்டங்களை அறுத்து எடுத்துவிட்டார். "கூரையைத் தாங்குறது கைமரம்தானுங்களே, விட்டம் சும்மாதானே கிடக்கு?" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். ஐப்பசி மழையில் ஓடு நனைந்து கனத்தது. மண்சுவர் இரண்டும் வெளிப்பக்கம் சாய, முகடு கீழே உட்கார்ந்துவிட்டது. ஒரு சினைப்பசு போயிற்று. பயிருக்கு யோசனை சொல்லப் போனவன், தெரியாத விஷயத்துக்குத் தலையாட்டியது என் தப்பு. அதற்குப் பிறகுதான் வயசான ஓர் ஆசாரியிடம் உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்டேன்.

எதிரெதிராகச் சாய்த்த இரண்டு கைமரங்கள் பாரத்தைக் கீழே இறக்குவதோடு, சுவரை வெளியே தள்ளவும் செய்கின்றன. சாய்த்து வைத்த ஏணியில் ஏறினால் அடிக்கால் வழுக்கி ஓடப் பார்க்கிறதல்லவா, அதே கதைதான். அந்தக் கால்கள் இரண்டையும் இழுத்துப் பிடித்திருப்பது விட்டம். ஒரு ஜோடி விட்டு ஒரு ஜோடிக்காவது விட்டம் இருக்கட்டும். அது கைமரத்தின் காலோடு போல்ட் போட்டு இறுகியிருக்க வேண்டும். சுவர்மேல் சும்மா கிடந்தால் பயனில்லை.

இனி அளவுக்கு வருவோம். நெல் தூற்றிய களத்தில் கூரையை முழு அளவில் கோடாகப் போடுங்கள். சுவரின் வெளிமுகத்துக்கு வெளிமுகம் 16 அடி என்றால், பாதி 8 அடி. நடுவிலிருந்து செங்குத்தாக 6 அடி உயரம் வையுங்கள். இப்போது சாய்வை அளந்தால் சரியாக 10 அடி வரும். வரவில்லையா, மூலை கோணலாக இருக்கிறது, கோட்டைத் திருத்துங்கள். மரம் மிச்சம் என்று உயரத்தை ரொம்பக் குறைக்காதீர்கள். சீமை ஓட்டுக்கு 8 அடிக்கு 5 அடி உயரமாவது வேண்டும் என்பது என் கட்சி.

இறவாரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சுவருக்கு வெளியே 2 அடி நீட்ட வேண்டுமானால் சாய்வில் 2½ அடி மரம் பிடிக்கும். ஆக, கைமரம் 12½ அடி. 12 அடி மரம் வாங்கி வந்தால் சாரல் சுவரில்தான் அடிக்கும். முகட்டில் 2 அங்குலப் பலகை நிறுத்துவதாக இருந்தால், அதில் பாதி, 1 அங்குலத்தை ஒவ்வொரு பக்கமும் படுக்கைவாக்கில் குறைத்து வெட்டுங்கள்.

முதல் ஜோடியை வெட்டிக் களத்துக் கோட்டின்மேல் வைத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் அதுதான் அச்சு. அதன்மேல் பெயர் எழுதி வையுங்கள்! மற்ற எல்லாவற்றையும் அந்த ஒன்றை வைத்தே குறிக்க வேண்டும். இரண்டாவதை வைத்து மூன்றாவது, மூன்றாவதை வைத்து நாலாவது என்று போனால், கோட்டின் தடிமன் சேர்ந்து சேர்ந்து கடைசி மரம் அரை அங்குலம் நீண்டு நிற்கும்.

20 அடி நீளக் கொட்டகைக்கு 2 அடிக்கு ஒரு ஜோடி என்றால் 10 ஜோடி அல்ல, 11 ஜோடி. தொடக்கத்தில் நிற்பதையும் எண்ண வேண்டும். கைமரம் சுவர் வளையில் உட்கார வெட்டும் பள்ளம், மரத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது.

பனங்கை நல்லதுதான். ஆனால் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. பழைய வீடு பிரிக்கும் இடங்களில் விசாரித்துப் பாருங்கள். கடலோர மாவட்டத்துக்காரர்களுக்கு 2018 கஜா புயல் மறந்திருக்காது. கைமரத்தை வளையோடும், வளையைச் சுவரோடும் இரும்புப் பட்டை போட்டுக் கட்டிவிடுங்கள்.

ரீப்பர் இடைவெளியை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். சூளைக்குச் சூளை ஓடு மாறும். வாங்கிய ஓட்டில் இரண்டைப் பொருத்தி வைத்து, அடிப்பக்கக் கொக்கிக்கும் கொக்கிக்கும் உள்ள தூரத்தை அளந்து, அதன்படி ஆணி அடிக்கச் சொல்லுங்கள்.