டிராக்ல ஓட்டின பிறகு பிரேக் அதிருதா? டிஸ்க்கை மாத்துறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க

இன்னைக்கு எபிசோட்ல ஒரே ஒரு பிரச்சினையைத்தான் எடுத்துக்கப் போறோம். ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஒரு நாள் ஓட்டியிருக்கார். கார் ஒரு ஹாட் ஹேட்ச், பிரேக் எல்லாம் கம்பெனி போட்டுக் கொடுத்ததுதான். திரும்பி வரும்போது 100 கிலோமீட்டர் வேகத்துல பிரேக்கை லேசா தொட்டாலே ஸ்டீயரிங் கையில ஆடுது. காரேஜ்ல, "டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சு சார், நாலையும் மாத்திடலாம்"னு சொல்லிட்டாங்களாம். ஒரு பெரிய தொகைக்கு எஸ்டிமேட்டும் கையில கொடுத்துட்டாங்க. "மாத்தவா, வேண்டாமா?" இதுதான் அவர் கேள்வி.

என்னோட பதில்: அளந்து பார்க்காம மாத்தாதீங்க. பெண்ட் ஆயிடுச்சுன்னு சொல்ற டிஸ்க்குகள்ல பெரும்பாலானது உண்மையில பெண்ட் ஆகியிருக்காது. காரணத்தைச் சரி பண்ணாம புது டிஸ்க் போட்டா, சில ஆயிரம் கிலோமீட்டர்ல அதே அதிர்வு திரும்ப வரும். இது ஏன்னுதான் இன்னைக்குப் பேசப் போறோம்.

முதல்ல பாதுகாப்பு

அதிர்வுக்குக் காரணம் தேடுறதுக்கு முன்னாடி, இந்த கார் ரோட்டுல போகலாமான்னு முடிவு பண்ணணும். நாலு விஷயம் பாருங்க.

ஒண்ணு, பெடல். வழக்கத்தைவிட ஆழமா இறங்குதா, பஞ்சு மாதிரி இருக்கா? அப்படின்னா பிரேக் ஆயில் கொதிச்சிருக்கலாம். டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் தாங்கும். ஈரம் உறிஞ்சிட்டா அந்த வரம்பு 155 வரைக்கும் இறங்கிடும். நம்ம ஊர் ஈரக்காத்துல ரெண்டு வருஷமா மாத்தாத ஆயிலை டிராக்குக்கு எடுத்துட்டுப் போறது பெரிய ரிஸ்க். ரெண்டு, பேட்ல எவ்வளவு மிச்சம் இருக்கு. காலையில பாதி இருந்த பேட் சாயங்காலம் தகட்டுக்கு வந்திருக்கலாம். மூணு, டிஸ்க்ல விரிசல். மேல மயிரிழை மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் வெப்பத்துல வர்றதுதான், உடனே பயப்பட வேண்டாம். ஆனா ஒரு விரிசல் வெளி விளிம்பைத் தொட்டிருந்தாலோ, துளை போட்ட டிஸ்க்ல ஒரு துளையில இருந்து இன்னொரு துளைக்கு ஓடியிருந்தாலோ, அந்த டிஸ்க்கோட கதை முடிஞ்சது. நாலு, வீல் நட். டார்க் ரெஞ்ச் வெச்சு ஒரு தடவை சரிபாருங்க.

இந்த நாலுல ஒண்ணு தப்பா இருந்தாலும் கார் அங்கேயே நிக்கட்டும். டோ பண்ணி எடுத்துட்டு வாங்க. நாலும் சரின்னா மேல போகலாம்.

ஒரு பிரேக், நூறு டிகிரி

டிராக்ல பிரேக் எவ்வளவு சூடாகுதுன்னு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,500 கிலோ கார் 160 கிலோமீட்டர் வேகத்துல இருந்து 80க்கு இறங்குது. அதுல வெப்பமா மாறுற சக்தி சுமார் 1.1 மெகாஜூல். முன் டிஸ்க் ஒவ்வொண்ணும் அதுல மூணுல ஒரு பங்கை வாங்கிக்குதுன்னு வெச்சுக்குவோம். டிஸ்க் எடை 8 கிலோன்னா, அந்த ஒரே ஒரு பிரேக்ல வெப்பம் ஏறத்தாழ 100 டிகிரி ஏறும். ஆற நேரம் கிடைக்கிறதுக்குள்ள அடுத்த வளைவு வந்துடும். இருங்காட்டுக்கோட்டை டிராக் சுமார் 3.7 கிலோமீட்டர். கோவை செட்டிபாளையத்துல இருக்கிற கரி ஸ்பீட்வே சுமார் 2.1 கிலோமீட்டர்தான், அங்க வளைவுகள் அடுத்தடுத்து வரும். ரோட்டுல ஓட்டுறதுக்காகச் செஞ்ச பேட் இந்த வெப்பத்துக்குத் தயார் பண்ணினது இல்லை.

அப்போ என்ன நடக்குது?

பிரேக் பேட் டிஸ்க்கைத் தேய்ச்சு மட்டும் வண்டியை நிறுத்துறதில்லை. பேட்ல இருக்கிற பொருள் ஒரு மெல்லிய படலமா டிஸ்க் மேல ஒட்டிக்கும். அந்தப் படலத்துக்கும் பேடுக்கும் நடுவுல ஏற்படுற பிடிப்பும் சேர்ந்துதான் கார் நிக்குது. அந்தப் படலம் டிஸ்க் முழுக்க ஒரே சீரா இருக்கிற வரைக்கும் எல்லாம் நல்லா இருக்கும்.

பேட் தன்னோட வரம்பைத் தாண்டிச் சூடானா, அந்தப் பொருள் திட்டுத் திட்டா ஒட்ட ஆரம்பிக்கும். இதைவிட மோசம், செஷன் முடிச்சுட்டு வந்து பெடலை மிதிச்சபடியே நிக்கிறது. கொதிக்கிற பேட் டிஸ்க்கோட ஒரே இடத்தை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. தோசைக்கல்லுல ஒரே இடத்துல மாவு ஒட்டிக்கிட்ட மாதிரி, பேட் அளவுக்கு அங்க ஒரு அச்சு விழுந்துடும். சில சமயம் கண்ணுக்கே தெரியும், டிஸ்க்ல கருநீல நிறத்துல பேட் வடிவம் இருக்கும்.

இப்போ டிஸ்க்கோட தடிமன் சுத்தி ஒரே மாதிரி இல்லை. வித்தியாசம் ரொம்பச் சின்னது. 0.015, 0.02 மில்லிமீட்டர் இருந்தாலே சில கார்கள்ல கையில தெரியும். தலைமுடியோட தடிமன்ல அது கால்வாசி இருக்கும், அவ்வளவுதான். தடிச்ச இடம் பேடுக்கு நடுவுல வரும்போதெல்லாம் பிஸ்டனைப் பின்னாடி தள்ளும். அதனால பெடல் துடிக்கும். பிரேக் பிடிப்பும் ஏறி இறங்கும், அதனால ஸ்டீயரிங் ஆடும். 100 கிலோமீட்டர் வேகத்துல வீல் ஒரு செகண்டுக்குச் சுமார் 14 தடவை சுத்தும். அதே கணக்குலதான் அந்தத் துடிப்பும் வரும்.

ரேஸ் கார் பொறியாளரும் எழுத்தாளருமான கேரல் ஸ்மித் இந்த "வளைஞ்ச டிஸ்க்" நம்பிக்கையைப் பத்தி ஒரு பிரபலமான கட்டுரையே எழுதியிருக்கார். அதுல அவர் எச்சரிக்கிற இன்னொரு விஷயம், ஒட்டின திட்டை அப்படியே விட்டுட்டு ஓட்டுறது. அந்த இடம் மத்த இடங்களைவிட அதிகமா சூடாகும். சுமார் 650, 700 டிகிரியைத் தொட்டா, வார்ப்பிரும்புலேயே சிமெண்டைட்னு ஒரு கடினமான பொருள் உருவாகும். அது தேயாது, அதனால சுத்தி இருக்கிற இரும்பு தேயத் தேய அந்த இடம் இன்னும் மேடாகும். அந்த நிலைக்குப் போயிட்டா டிஸ்க்கைக் காப்பாத்துறது கஷ்டம். அதனாலதான் சீக்கிரம் கண்டுபிடிக்கணும்னு சொல்றேன்.

கையும் காலும் சொல்ற சேதி

இப்போ நோயைக் கண்டுபிடிக்கிற வேலை. கருவி எதுவும் வேண்டாம், முதல்ல ஒரு காலி ரோடு போதும்.

பிரேக்கைத் தொடாமலே அதிருதா? அப்படின்னா முதல் சந்தேகம் டயர் மேல. டிராக்ல சூடான டயர், ரோட்டுல கிடக்கிற ரப்பர் துணுக்குகளை எல்லாம் அள்ளி ஒட்டிக்கும். வீல் பேலன்ஸுக்கு ஒட்டுற ஈய வில்லைகள் பிரேக் சூட்டுல பசை விட்டுக் கழண்டு விழுந்திருக்கலாம். பிரேக் லாக் ஆகி டயர்ல ஒரு இடம் தட்டையாத் தேஞ்சிருக்கலாம். டிராக்ல குறைச்ச காத்தைத் திரும்ப அடிக்க மறந்திருக்கலாம். பிரேக்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

பிரேக் பிடிச்சா மட்டும் அதிருதா? ஸ்டீயரிங் ஆடினா பெரும்பாலும் முன் டிஸ்க். ஸ்டீயரிங் அமைதியா இருந்து, சீட்டும் பெடலும் துடிச்சா பின்பக்கத்தைச் சந்தேகப்படுங்க. வேகம் குறையக் குறைய துடிப்பும் மெதுவானா, வீலோட சேர்ந்து சுத்துற ஏதோ ஒண்ணுதான் காரணம். ஓங்கி மிதிச்சா மட்டும் பெடல் டகடகன்னு அடிச்சா அது ஏபிஎஸ் தன் வேலையைச் செய்யுறது, அதைக் குழப்பிக்காதீங்க.

கார் ஒரு பக்கமா இழுக்குதா, ஒரு வீல் மட்டும் அதிகமா சூடா இருக்கா? காலிப்பர் ஸ்லைடு பின் இறுகிப் போயிருக்கலாம். ஜாக்கி போட்டு வீலை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா பேரிங்.

அப்புறம் அளவு

இனிமே ரெண்டு கருவி வேணும். மைக்ரோமீட்டர், டயல் கேஜ். காரேஜ்ல இல்லைன்னா பக்கத்துல இருக்கிற லேத் பட்டறையில நிச்சயம் இருக்கும்.

மைக்ரோமீட்டர்ல டிஸ்க்கைச் சுத்தி எட்டு இடத்துல தடிமன் எடுங்க. எட்டு இடமும் விளிம்புல இருந்து ஒரே தூரத்துல, 10 இல்லன்னா 15 மில்லிமீட்டர் உள்ள இருக்கணும். பெரிய அளவுக்கும் சின்ன அளவுக்கும் வித்தியாசம் 0.015ஐத் தாண்டினா உங்க அதிர்வுக்குக் காரணம் கிடைச்சாச்சு. கூடவே, டிஸ்க்லேயே பொறிச்சிருக்கிற குறைந்தபட்ச தடிமனையும் பாருங்க. அதைவிடக் குறைஞ்சிருந்தா பேச்சே இல்லை, மாத்தித்தான் ஆகணும்.

அடுத்து டயல் கேஜ். வீலைக் கழட்டினதும் டிஸ்க் லூசா நிக்கும். அதனால வாஷர் வெச்சு வீல் நட்டை முறுக்கி ஹப்போட சேர்த்து இறுக்கிட்டு அளக்கணும். டிஸ்க் சுத்தும்போது முள் எவ்வளவு ஆடுது? 0.05 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா நிம்மதி. 0.1ஐ நெருங்கினா கவனிக்கணும். உங்க காரோட சர்வீஸ் மேனுவல்ல சரியான வரம்பு இருக்கும், அதுதான் கடைசி வார்த்தை.

முள் அதிகமா ஆடினா உடனே டிஸ்க்கைக் குத்தம் சொல்லாதீங்க. மேடான இடத்தை டிஸ்க்லயும் ஹப்லயும் சாக்பீஸால குறிங்க. டிஸ்க்கைக் கழட்டி, ஹப் முகத்துல இருக்கிற துருவையும் அழுக்கையும் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு எடுங்க. டிஸ்க்கை ஒரு போல்ட் துளை தள்ளித் திருப்பி மாட்டி மறுபடி அளங்க. மேடு டிஸ்க்கோட சேர்ந்து நகர்ந்தா கோளாறு டிஸ்க்ல. ஹப் குறியிலேயே நின்னுட்டா கோளாறு ஹப்ல. பல நேரம் துருவைத் தேய்ச்சதுமே அளவு சரியாயிடும்.

புது டிஸ்க் போட்டும் சில மாசத்துல அதிர்வு திரும்ப வர்ற ரகசியம் இங்கதான் இருக்கு. ஹப் கோணலா இருந்தா, புது டிஸ்க்கும் கோணலாத்தான் சுத்தும். நீங்க பிரேக் பிடிக்காம ஓட்டும்போதுகூட ஒவ்வொரு சுத்துலயும் ஒரு இடம் மட்டும் பேடை உரசும். உரசி உரசி அந்த இடம் மெலியும். முதல் நாள் அதிர்வே இருக்காது, அதனால வேலை நல்லா முடிஞ்சதுன்னு நினைப்போம். சில ஆயிரம் கிலோமீட்டர் கழிச்சுத்தான் குட்டு வெளிப்படும். ஏர் கன் வெச்சு வீல் நட்டைத் தாறுமாறா முறுக்குறதும் இதே கோணலைக் கொண்டுவரும்.

என்ன செய்யலாம்?

தடிமன் வித்தியாசம் லேசா இருந்து, விரிசல் இல்லாம, பேடும் மிச்சம் இருந்தா, செலவில்லாத வைத்தியத்துல ஆரம்பிங்க. பேடோட முகத்தையும் டிஸ்க்கையும் கார்னெட் பேப்பரால லேசா தேய்ச்சு, பிரேக் கிளீனரால துடைங்க. அந்தத் தூசியைக் காத்தடிச்சு ஊதாதீங்க, மாஸ்க் போட்டுக்குங்க. அப்புறம் பெடிங், அதாவது படலத்தைப் புதுசா, சீரா ஏத்துற வேலை. விடியற்காலையில, பின்னாடி வண்டி வராத ஒரு நேர் ரோட்டுல, சுமார் 90ல இருந்து 15க்கு எட்டு அல்லது பத்து தடவை உறுதியா பிரேக் பிடிங்க. ஏபிஎஸ் வேலை செய்யுற அளவுக்கு வேண்டாம். ஒரு தடவைகூட முழுசா நிறுத்தாதீங்க. முடிச்சதும் பத்து நிமிஷம் பிரேக்கைத் தொடாம ஓட்டி ஆற விடுங்க. பேட் கம்பெனி வேற முறை சொல்லியிருந்தா அதைப் பின்பற்றுங்க.

இதுக்கும் சரியாகலைன்னா லேத்துல கடைஞ்சு வாங்கலாம், குறைந்தபட்ச தடிமனுக்கு மேல இருந்தா மட்டும். காரிலேயே மாட்டி வெச்சுக் கடையுற மெஷின் கிடைச்சா அதுதான் உத்தமம், ஹப் கோணலும் சேர்ந்து சரியாயிடும். கடைஞ்ச பிறகும் அதே இடத்துல மேடு திரும்ப வந்தா அது சிமெண்டைட். அப்போ தயங்காம புது டிஸ்க் போடுங்க, பேடையும் சேர்த்து மாத்துங்க. அந்தச் செலவு வீண் இல்லை, காரணம் தெரிஞ்சு செய்யுற செலவு.

அடுத்த டிராக் டேக்கு

கடைசி சுத்தைப் பிரேக்கைத் தொடாத அளவுக்கு மெதுவா ஓட்டி முடிங்க. பிட்டுக்கு வந்ததும் பெடல்ல இருந்து காலை எடுத்துடுங்க. ஹேண்ட்பிரேக் போடாதீங்க, பின்பக்க டிஸ்க்லயும் அச்சு விழும். கியர்ல விட்டு, டயருக்குக் கட்டை வைங்க. சில நிமிஷத்துக்கு ஒரு தடவை காரை ஒரு அடி முன்னாடி உருட்டி விடுங்க. கொதிக்கிற டிஸ்க் மேல தண்ணி ஊத்தாதீங்க. போறதுக்கு முன்னாடி புது பிரேக் ஆயில் மாத்துங்க. டிராக் பேட் போட்டு ஓட்டிட்டு ரோடு பேடுக்குத் திரும்புறவங்க, ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கைத் துடைச்சு மறுபடி பெடிங் பண்ணணும். ஒரு பேடோட படலம் மேல இன்னொரு பேடோட படலம் ஏறினாலும் அதிர்வு வரும்.

காரேஜ்ல "டிஸ்க் பெண்ட்"னு சொன்னா சண்டை போட வேண்டாம். "அண்ணே, எத்தனை மில்லிமீட்டர் ஆடுது, அளந்து காட்டுறீங்களா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அளந்து காட்டுற மெக்கானிக் கிடைச்சா அவரை விட்டுடாதீங்க. அடுத்த எபிசோட்ல பிரேக் ஆயில் மாத்துறதை, காத்து எடுக்குறதை எல்லாம் படிப்படியா பார்ப்போம். அதுவரைக்கும் பத்திரமா ஓட்டுங்க.